ஆகாசத்தில் பாகப் பிரிவினை

மயிலாப்பூர்வாசிகள் சண்டை போட விஷயமின்றித் தவித்ததாகச் சரித்திரம் கிடையாது. கிணற்றுத் தண்ணீர், கொல்லைச் சுவர், பக்கத்து வீட்டுத் தென்னை நம் எல்லைக்குள் உதிர்க்கும் மட்டை, வாசலை அடைத்து நிற்கும் மோட்டார் வண்டி ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலைமுறைக்கு வேண்டிய வியாஜ்யங்களை அளித்து வந்திருக்கின்றன. ஆனால் இந்தச் சண்டைகளிலெல்லாம் ஒரு சௌகரியம் இருந்தது. சுவர் கண்ணுக்குத் தெரியும். மட்டை தலையில் விழுந்தால் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். யாருடைய எல்லை எதுவரை என்று கயிறு பிடித்து அளந்துவிடலாம். இப்போது வந்திருக்கும் புதுச் சண்டையோ கண்ணுக்குத் தெரியாத சொத்தைப் பற்றியது. ஒருவர் சொத்தை இன்னொருவர் ஆக்கிரமித்திருப்பது ஆக்கிரமித்தவருக்கும் தெரியாது, இழந்தவருக்கும் தெரியாது. இருவருக்கும் மனஸ்தாபம் மட்டும் மிச்சம்.

மாட வீதிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களையும் எடுத்துக்கொள்வோம். திண்ணையும் முற்றமுமாக ஒரே குடும்பம் வாழ்ந்த மனையில் இன்று எட்டுக் குடும்பங்களோ, பதினாறு குடும்பங்களோ, ஒன்றன்மேல் ஒன்றாக வசிக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் ரௌட்டர் என்னும் பெட்டி ஒன்று இருக்கிறது. தெருவிலிருந்து கண்ணாடி இழை வழியாக வரும் இண்டர்நெட்டை அது வாங்கி, ரேடியோ அலையாக மாற்றி, வீட்டிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி முதலியவற்றுக்கு விநியோகம் செய்கிறது. இதற்குத்தான் வைஃபை என்று பெயர். 1924-ஆம் வருஷம் சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பார் ஒலிபரப்பத் தொடங்கியபோது பட்டணம் முழுவதற்கும் அந்த ஒரு நிலையந்தான் இருந்தது. இன்று மயிலாப்பூரில் ஒரு மாடிப் படியில் ஏறி இறங்கினால் பதினாறு ரேடியோ நிலையங்களைக் கடந்து வந்தவர்கள் ஆகிறோம். ஒவ்வொரு வீடும் ஒரு நிலையம். நிலைய டைரக்டர்தான் ஒருவரும் இல்லை!

இதன் பலனை நேயர்களில் அநேகர் அநுபவித்திருக்கலாம். காலையிலும் மத்தியானத்திலும் ஒழுங்காக நடந்த இண்டர்நெட், இரவு எட்டு மணிக்கு மேல் நொண்ட ஆரம்பிக்கிறது. திரையில் பேசிக்கொண்டிருக்கும் மனிதர் வாயைத் திறந்தபடியே சிலையாகி நிற்கிறார். உடனே கம்பெனிக்குப் புகார் போகிறது. கம்பெனியிலிருந்து ஒரு பையன் வருகிறான். தன் கணினியைக் கம்பி மூலம் பெட்டியோடு இணைத்துப் பார்த்து, "ஸ்பீடு முழுசா வருதே, ஸார்" என்று காட்டிவிட்டுப் போகிறான். அவன் சொல்வது பொய் அல்ல. கம்பி முடியும் வரையில் அது கங்கை; கம்பியைத் தாண்டிக் காற்றில் இறங்கியதும் கூவம்.

அப்புறம் வீட்டு வைத்தியம் தொடங்குகிறது. பெட்டியை அணைத்து ஏற்றுகிறார்கள். அலமாரியின் மேலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து பூஜை அறைக்கும் மாற்றுகிறார்கள். கடைசியாக, நாலு கொம்புப் பெட்டியைத் தூர எறிந்துவிட்டு ஆறு கொம்புப் பெட்டி வாங்குகிறார்கள். இரண்டு நாள் சௌகரியமாக இருக்கிறது. மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்காரரும் ஆறு கொம்புப் பெட்டி வாங்கிவிடுகிறார். பிறகு இரண்டு வீட்டிலும் முன்னைவிட மோசமாகிவிடுகிறது.

காரணம் என்னவென்று விசாரிப்போம். விஷயம் விஞ்ஞானத்தைச் சேர்ந்ததாயினும் பயப்பட வேண்டியதில்லை. கல்யாணப் பந்தல் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வைஃபை பெட்டிகளில் பழைய வகை, புதிய வகை எல்லாம் பொதுவாக உபயோகிக்கும் ஆகாசத் துண்டு ஒன்று உண்டு. அது 2,400 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்து 2,483.5 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். இதை ஒரு சிறு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெருவில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை இலக்கமிட்ட வாசல்கள் இருக்கின்றன. இவற்றைத்தான் சானல் என்கிறார்கள். ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு பெட்டி பேசத் தொடங்கினால் அதற்கு வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ்! அதாவது ஒவ்வொரு வாசலிலும் போடப்படும் பந்தல் நாலு வாசல்களின் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. பதின்மூன்று வாசல் இருக்கிறதே என்று பதின்மூன்று கல்யாணங்களுக்கு முகூர்த்தம் வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் பந்தற்கால் மற்றொருவர் மணவறையில் நிற்கும்.

ஒன்றோடொன்று இடிக்காமல் எத்தனை பந்தல் போடலாம் என்று கணக்கிட்டால், வசதியாக மூன்றுதான் வருகிறது. 1-ஆம் வாசல், 6-ஆம் வாசல், 11-ஆம் வாசல். 1-இன் பந்தல் 2,402 முதல் 2,422 வரை; 6-இன் பந்தல் 2,427 முதல் 2,447 வரை; 11-இன் பந்தல் 2,452 முதல் 2,472 வரை. பந்தலுக்குப் பந்தல் ஒரு சிறு சந்து. உலகம் முழுவதும் இந்த மூன்று எண்களையே சிலாக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் புத்திசாலிகள் ஏமாறுகிறார்கள். "1-இலும் கூட்டம், 6-இலும் கூட்டம், நடுவில் 3 காலியாக இருக்கிறதே, நாம் அங்கே போய்விடுவோம்" என்று ஒருவர் யோசிக்கிறார். யோசனை நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 3-ஆம் வாசலின் பந்தல் 2,412 முதல் 2,432 வரை பரவி, 1-இன் பந்தலில் பாதியையும் 6-இன் பந்தலில் காலையும் மேய்ந்துவிடுகிறது. ஒதுங்கிப் போனதாக நினைத்தவர் இரண்டு கல்யாணங்களையும் கெடுத்து, தம் கல்யாணத்தையும் கெடுத்துக்கொள்கிறார்.

"அப்படியானால் ஒரே சானலில் ஐந்து பெட்டிகள் இருப்பது மட்டும் கெடுதல் இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கெடுதல்தான். ஆனால் குறைந்த கெடுதல். ஏனென்றால் இந்தப் பெட்டிகளுக்கு மனிதர்களுக்கு இல்லாத ஒரு மரியாதையைக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பேசுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியும் காதுகொடுத்துக் கேட்கிறது. தன் சானலில் வேறொரு பெட்டி பேசிக்கொண்டிருந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறது. அது முடித்ததும் சற்றுப் பொறுத்துத் தன் முறைக்குப் பேசுகிறது. பங்குனியில் அறுபத்து மூவர் உத்ஸவத்தன்று அத்தனை சப்பரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளைச் சுற்றி வரவில்லையா? முன்னால் போகும் சப்பரம் கண்ணுக்குத் தெரிவதால் பின்னால் வருவது நிதானிக்கிறது. நேரம் ஆகும், மோதல் ஆகாது.

பாதி மட்டும் மேற்படும் சானல்களில் இந்த மரியாதை பலிப்பதில்லை. தன் சானலில் பேசுவதை மிக மெல்லிய குரலிலும் இன்ன பாஷை என்று புரிந்துகொண்டு ஒதுங்கும் பெட்டி, பக்கத்துச் சானலிலிருந்து கசிவதை வெறும் இரைச்சலாகவே அறிகிறது. அந்த இரைச்சல் சுமார் நூறு மடங்கு பலமாக இருந்தால்தான் அது பேச்சை நிறுத்தும். இல்லாவிட்டால் நிறுத்தாமல் பேசும். எதிர்ப் பக்கமும் நிறுத்தாமல் பேசும். இரண்டு பேச்சும் காற்றில் கலந்து சிதைந்து, சொன்னதையே மறுபடி மறுபடி சொல்ல வேண்டியதாகிறது. சங்கீத ரஸிகர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே சுருதியில் இரண்டு தம்புராக்கள் சேர்ந்து ஒலிக்கலாம். மத்திய சுருதிக்கும் தார ஷட்ஜத்துக்கும் விரோதமில்லை. ஆனால் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகிய இரு தம்புராக்களை அருகருகே மீட்டிப் பாருங்கள்!

இந்த ஆகாசத் தெருவுக்கு எஜமானர் யார் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். ரேடியோ அலைகளைப் பொறுத்த மட்டில் எஜமானர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா ஒரு தடவை அநுபவித்துப் பார்த்திருக்கிறது. 1926-ஆம் வருஷம் அங்கே ஒரு கோர்ட்டு, ஒலிபரப்பு நிலையங்கள் இன்ன அலையில்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்த அப்போதைய சட்டப்படி ஸர்க்காருக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில மாதங்களுக்குள் சுமார் இருநூறு புதிய நிலையங்கள் கிளம்பின. அவரவர் இஷ்டப்பட்ட அலையில் இஷ்டப்பட்ட பலத்துடன் ஒலிபரப்பினார்கள். ரேடியோவைத் திருப்பிய ஜனங்களுக்குச் சீட்டியடிக்கும் சப்தந்தான் கேட்டது. 1927 பிப்ரவரியில் புதுச் சட்டம் செய்து, ஒரு கமிஷன் அமைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்கிய பிறகே நிலைமை சீராயிற்று. அன்றுமுதல் அங்கே லைஸென்ஸ் என்பது ஆகாசத்தின் பட்டா ஆகிவிட்டது.

பின் வைஃபைக்கு மட்டும் ஏன் பட்டா இல்லை? இந்தத் துண்டு ஒரு புறம்போக்கு நிலம் என்பதுதான் காரணம். 1947-இல் அட்லாண்டிக் ஸிட்டியில் கூடிய சர்வதேச மகாநாட்டில், 2,450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பிரதேசத்தைப் பொருள்களைச் சூடாக்கும் யந்திரங்கள் முதலியவற்றுக்கென்று விட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் மைக்ரோவேவ் அடுப்பு அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. (பால் காய்ச்சும்போது பாடம் நின்றுபோகிறது என்று குழந்தைகள் சொன்னால் அதட்ட வேண்டாம், நிஜமாகவே நிற்கலாம்.) பேச்சுக்கு உதவாதென்று ஒதுக்கிய அந்தப் பொட்டலை, 1985-இல் அமெரிக்க ஸர்க்கார் லைஸென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்ப உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டது. 1997-இல் வைஃபைக்குரிய முதல் நியமம் வெளியாயிற்று. நம் தேசத்தில் 2005 ஜனவரியில் இந்திய ஸர்க்கார் இந்தத் துண்டுக்கு லைஸென்ஸ் வேண்டியதில்லை என்று விதி செய்தது. பெட்டியின் பலத்துக்கு மட்டும் ஓர் உச்ச வரம்பு வைத்தது.

அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த அலைகளை உபயோகிப்பவர் பிறருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. பிறரால் இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கோரவும் கூடாது. தமக்கே உரியதென்று பாத்தியம் கொண்டாடவும் கூடாது. நாலு வார்த்தையில் சொன்னால்: எல்லோரும் வாருங்கள், புகார் செய்யாதீர்கள். 1995-இல் நமது ஸுப்ரீம் கோர்ட்டு, கிரிக்கெட் பந்தயங்களை ஒளிபரப்புவது பற்றிய வழக்கில், ஆகாச அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தின் லட்சணம் நமக்குத் தெரியாததா? எல்லோருக்கும் சொந்தமான குளத்தைத் தூர் வாருவதற்கு யார் வருகிறார்கள்!

பணமும் பதவியும் இந்தப் புறம்போக்கில் செல்லாது என்பதற்கு மூன்று திருஷ்டாந்தங்கள் சொல்கிறோம். 2010 ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பெரிய சபையில் தமது புதிய ஐபோனை அரங்கேற்றினார். மேடையில் நின்று பொத்தானை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. விசாரித்ததில் சபையோர் கொண்டுவந்திருந்த வைஃபை பெட்டிகள் 570 அந்த மண்டபத்திலேயே பேசிக்கொண்டிருந்தனவாம். அவற்றையெல்லாம் தயவு செய்து நிறுத்தும்படி அவர் கெஞ்ச வேண்டியதாயிற்று. 2012 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் மெட்ரோ ரயில்கள் நடுவழியில் தாமே பிரேக் போட்டு நின்றன. ரயிலின் சைகைகள் சென்றதும் இதே அலைத் துண்டில். பிரயாணிகள் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு வைஃபை பெட்டிகள் பேசியதும் இதே துண்டில். அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் மாரியட் கம்பெனியார் நடத்திய ஒரு பெரிய ஹோட்டலில், விருந்தினர் சொந்தமாகக் கொண்டுவந்த வைஃபையை வேலை செய்யவொட்டாமல் தடுத்தார்கள். அதற்காக 2014-இல் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். கட்டிடம் தம்முடையதாயிருந்தால் காற்றும் தம்முடையதாகிவிடாது என்பது அந்த அபராதத்தின் தாத்பர்யம்.

இனி உள்ளூர் சமாசாரம். நாம் குடியிருக்கும் கட்டிடத்தில் நாலு மாடி. மாடிக்கு நாலு வீடாகப் பதினாறு வீடுகள். இரண்டாம் மாடியில் ஒரு பெண் வைத்தியப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். இரவு ஒன்பது மணிக்கு இண்டர்நெட் மூலம் மாதிரிப் பரீட்சைகள் நடக்கும். மணி பார்த்துக் கேள்விகள் வரும். பதில் போய்ச் சேராவிட்டால் மார்க்கு கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு அவள் படிப்பு எவ்வளவு முக்கியமென்பது அவர்கள் பழைய சாமான்களையும் விற்றுப் பயிற்சிக்குப் பணம் கட்டியதிலிருந்து தெரியும். அவளுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு மாமி, தனியாக வசிப்பவர். அவருடைய பிள்ளை நியூ ஜெர்ஸியில் இருக்கிறார். இங்கே இரவு ஒன்பது அடித்தால் அங்கே காலை. அவர் வேலைக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் அம்மாவோடு பேசுவார். நாள் முழுவதும் மாமி காத்திருப்பது அந்த அரை மணிக்காக. அம்மாவுக்குக் குறைவேயிருக்கக் கூடாதென்று பிள்ளை அனுப்பிய பெட்டிக்கு ஆறு கொம்பு.

ஒன்பது மணிக்குப் பரீட்சையும் நின்றது, பேச்சும் நின்றது. பெண்ணின் தகப்பனார் மாடி ஏறிப் போய், "மாமி, ஒரு அரை மணி உங்க பெட்டியை அணைச்சு வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். "என் பிள்ளையோட பேசறதுக்குக் கூட நான் உங்க கிட்டே உத்தரவு வாங்கணுமா?" என்று மாமி கேட்டார். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டு வீட்டாரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

நாம் உபாத்தியாயர் என்ற காரணத்தினால், கட்டிடத்தில் எந்தக் கணக்குத் தகராறும் கடைசியில் நம்மிடம் வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டினோம். சுற்றிலும் யார் எந்தச் சானலில் பேசுகிறார்கள் என்று காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கி, மாடிக்கு மாடி ஏறிக் குறித்துக்கொண்டோம். ஏழு பெட்டிகள் 6-இல் இருந்தன. மற்றவை 2, 3, 8, 9 என்று வாய்க்கு வந்த எண்ணில் இருந்தன. மாமியின் பெட்டி 4-இல் இருந்தது. அதுவும் 20-க்குப் பதில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், முழுப் பலத்துடன். தெருவில் பாதியை அடைத்துப் போட்ட பந்தல்! மாமிக்கு அது தெரியவும் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. பெட்டி அப்படியேதான் வந்திருந்தது.

ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் பதினாறு கட்டம் போட்டோம். முதல் மாடிக்கு 1, 6, 11, 1 என்று எழுதினோம். இரண்டாம் மாடிக்கு ஒரு இடம் தள்ளி 6, 11, 1, 6. மூன்றாவதற்கு 11, 1, 6, 11. நாலாவதற்கு மறுபடி 1, 6, 11, 1. இப்படி எழுதினால் எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டிலோ, நேர் மேல் வீட்டிலோ, நேர் கீழ் வீட்டிலோ அதே எண் வராது. புள்ளிக் கோலம் போடும் பெண்கள் இதை நமக்கு முன்னே புரிந்துகொண்டார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும், "நான் எல்லாரையும் விட அதிகப் பணம் கட்டுகிறேன், எனக்கென்று தனிச் சானல் வேண்டும்" என்றார். அவர் பணம் கம்பிக்கு என்றும், காற்றுக்கு யாரும் ஒரு காலணாவும் கட்டவில்லை என்றும் சொன்னோம். சிறிது யோசித்துவிட்டு 11-ஐ ஏற்றுக்கொண்டார்.

எண்ணை மாற்றுவதுடன் செய்த மற்றச் சீர்திருத்தங்களையும் நேயர்களின் உபயோகத்துக்காகச் சொல்கிறோம்.

முதலாவது, இந்த 2,400-ஆம் தெருவில் எல்லாப் பெட்டிகளின் அகலத்தையும் 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தோம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. தெரியாவிட்டால் கம்பெனிப் பையனே செய்து கொடுப்பான்.

இரண்டாவது, "ஆட்டோ" என்றிருந்ததை எடுத்து எண்ணை நிலையாக வைத்தோம். பெட்டி தானே நல்ல சானலைத் தேர்ந்தெடுக்கும் என்பார்கள். ஆனால் பல பெட்டிகள் உயிர் பெறும்போது ஒரே ஒரு தடவைதான் சுற்றுமுற்றும் பார்க்கின்றன. மின்சாரம் போய் வரும்போது கட்டிடத்திலுள்ள அத்தனை பெட்டிகளும் ஒரே சமயத்தில் விழிக்கின்றன. எல்லாத் திசையும் காலியாக இருப்பதைக் காண்கின்றன. எல்லாம் ஒரே திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

மூன்றாவது, பலத்தைக் குறைத்தோம். இதற்குத்தான் ஆட்சேபம் அதிகம் கிளம்பியது. ஆனால் பெட்டி ஒலிபெருக்கி வைத்துக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டிய கைபேசியின் குரல் சிறியதுதானே? பதில் எட்டாத இடத்துக்குக் கேள்வி மட்டும் எட்டி என்ன பிரயோஜனம்? அந்தக் கத்தல் நான்கு வீடு தள்ளி யாரோ ஒருவருடைய முறையைத்தான் பறிக்கிறது.

நாலாவது, வேண்டாத பெயர்களை நீக்கினோம். யாரும் உபயோகிக்காத நேரத்திலும் ஒவ்வொரு பெட்டியும் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை "நான் இருக்கிறேன்" என்று கூவுகிறது. விருந்தினருக்கு ஒரு பெயர், குழந்தைகளுக்கு ஒரு பெயர் என்று மூன்று பெயர் வைத்தால் முப்பது கூவல். இந்தக் கூவலை மிக மெதுவான வேகத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் அது பிடிக்கும் நேரமும் அதிகம். கச்சேரிக்கு நடுவே "இரண்டே வார்த்தை" என்று ஆரம்பிக்கும் பிரமுகரைப் போல என்று சொன்னால் சபா மெம்பர்களுக்குப் புரியும். ஒரே சானலில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் பெட்டிகளும் இந்த ஜாதிதான். ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சு நேரத்தை அவை செலவழித்துவிடுகின்றன.

ஐந்தாவது, கம்பியில் போகக் கூடியதைக் கம்பியில் அனுப்பினோம். தொலைக்காட்சிப் பெட்டி நடந்து போகப் போவதில்லை; அதற்கு எதற்குக் காற்று? பத்தடிக் கம்பி ஒன்று போட்டால், இரவு முழுவதும் சினிமா பார்க்கும் ஒரு வீடு ஆகாசத்திலிருந்து இறங்கிவிடுகிறது.

ஆறாவதே முக்கியமானது. பெட்டியோடு ஒரே அறையில் இருக்கும் சாதனங்களை 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தெருவுக்கு மாற்றினோம். அந்தத் தெரு விசாலமானது. 2018 அக்டோபரில் இந்திய ஸர்க்கார் அங்கே மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை லைஸென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. பழைய தெருவைப் போல் ஏழு பங்குக்கு மேல். வாசல்களும் ஒன்றையொன்று இடிக்காமல் 36, 40, 44 என்று தள்ளித் தள்ளி அமைந்தவை. அந்த அலைக்குச் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு என்று குறை சொல்கிறார்கள். அடுக்கு மாடியில் அது குறையா? நம் பேச்சு நம் சுவரோடு நிற்பதும், பிறர் பேச்சு அவர் சுவரோடு நிற்பதும் பெரிய பாக்கியம் அல்லவா? ஆனால் அங்கேயும் 80 அகலம் என்று வைத்தால் நாலு வாசலும், 160 என்று வைத்தால் எட்டு வாசலும் ஒரே வீட்டுக்குப் போய்விடும். எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மாமி பேசும் பலகைக் கணினி அவர் பெட்டிக்கு எதிரிலேயே இருந்தது. அதை 5,000-ஆம் தெருவுக்கு மாற்றிவிட்டு, கீழ்த் தெருவில் அவருடைய பந்தலைச் சுருக்கினோம். மாமிக்குப் பிள்ளையின் முகம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கீழே பரீட்சையும் பெரும்பாலும் தடங்கலின்றி நடந்தது. "பெரும்பாலும்" என்று ஜாக்கிரதையாகவே சொல்கிறோம். பதினாறு வீடுகள் மூன்று சானல்களைப் பங்கிட்டால் ஒரு சானலுக்கு ஐந்தாறு வீடுகள் இருக்கத்தான் செய்யும். பக்கத்துக் கட்டிடத்தார் நம் காலண்டரைப் பார்க்கவில்லை. அவர்கள் ஜன்னலுக்கும் நமது ஜன்னலுக்கும் இடையே எட்டு அடிதான். ஆகவே காலண்டரை எடுத்துக்கொண்டு அங்கேயும் போனோம். அங்கே ஒருவர் 1, 5, 9, 13 என்று நாலு பந்தல் போடலாமே என்றார். கணக்குச் சரிதான், நெருக்கிப் போட்டால் நாலும் கொள்ளும். ஆனால் ஊரெல்லாம் 1, 6, 11 என்று இருக்கும்போது ஒருவர் மட்டும் 9-இல் போட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும். மேலும், அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் சில சாதனங்களுக்கு 12, 13 என்ற வாசல்கள் இருப்பதே தெரியாது. மயிலாப்பூரில் இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

புதிய ஆகாசம் வந்தால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 2025 மே மாதத்தில் ஸர்க்கார் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையில் இன்னுமொரு 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறப்பதற்கான வரைவு விதிகளை வெளியிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் ரஸ்தாவை அகலப்படுத்தியதும் வண்டிகள் பெருகுவதை ராமகிருஷ்ண மடம் சாலையில் தினமும் பார்க்கிறோம். நிலம் கிடைப்பது வேறு. அதில் குடித்தனம் செய்யத் தெரிவது வேறு.

விசித்திரம் என்னவென்றால், யந்திரங்களுக்கு இந்தக் குடித்தனம் ஓரளவு தெரிந்திருக்கிறது. பேசுமுன் கேட்கின்றன, பிறர் முடிக்கும் வரை பொறுக்கின்றன. இதே தெருவில் நடமாடும் ப்ளூடூத், 79 சிறு சந்துகளில் தாவித் தாவிச் சென்று, கூட்டமுள்ள சந்தைத் தவிர்த்துக்கொள்கிறது. தெரியாதவர்கள் நாம்தான். கதவு எண் தவிரப் பக்கத்து வீட்டாரைப் பற்றி ஒன்றும் அறியாமல் பத்து வருஷம் வாழ்கிறோம். நம் பெட்டிகளோ இரவு பகலாக அவர்கள் பெட்டிகளோடு ஒரே காற்றில் கலந்து வாழ்கின்றன.

போலீஸ்காரரும் பட்டா ஆபீஸும் இல்லாத இடம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே வரி இல்லை, லைஸென்ஸ் இல்லை, மேலதிகாரி இல்லை. நம்மை நாமே ஆண்டுகொள்ளத் தெரியுமா என்பதற்கு இதைவிடச் சிறிய பரீட்சையும் கிடையாது. சுலபமான பரீட்சையும் கிடையாது. கையிலிருப்பது மூன்று எண்கள். வேண்டியது ஒரு பழைய காலண்டரும் ஒரு பென்ஸிலும். அடுத்த தடவை திரையில் யாராவது வாயைத் திறந்தபடி சிலையாக நின்றால், கம்பெனிக்குப் போன் செய்யுமுன் மாடி ஏறிப்போய், "உங்கள் பெட்டி எந்தச் சானலில் இருக்கிறது?" என்று மேல் வீட்டாரை விசாரியுங்கள். அவர்களும் அதையே உங்களிடம் கேட்பதற்குத்தான் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கலாம்.